வெங்காய மண்டி காருக்கு ரிவர்ஸ் கிடையாது

என் மகள் புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறாள். ரிவர்ஸ் கியர் போட்டால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற சின்னத் திரையில் பின்பக்கம் முழுக்கத் தெரிகிறது. சுவரை நெருங்கினால் கீங் கீங் என்று கத்துகிறது. அவள் தலையைத் திருப்புவதே இல்லை. "கழுத்து எதுக்கும்மா இருக்கு?" என்று கேட்டேன். "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் ஆச்சு" என்றாள். அது பதில் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் என்னிடம் கார் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. சைக்கிளில் போய்த்தான் ஆயிரக்கணக்கான பேருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா என்று தீர்ப்புச் சொன்னேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது உத்தியோகப் பெயர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்ப்பதில்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள். எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "சார், உங்க காலத்துல கேமராவும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது, எப்படி டெஸ்ட் எடுத்தீங்க? எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். வயதானவன் அபிப்பிராயம் சொல்லாமல் கதை சொல்ல மாட்டான்.

கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்க்கிறார்கள். நான் குனிந்து மிதிகளின் ரப்பரைப் பார்ப்பேன். கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து பிரேக் ரப்பர் புதுசாக இருந்தால், அந்த வண்டியை ஓட்டியவன் கிளட்ச்சைக் கால்மணையாக வைத்திருந்தான் என்று அர்த்தம். அந்த வண்டியை வாங்காதீர்கள். அவனுக்குப் பெண்ணும் கொடுக்காதீர்கள். ஹாரன் அதிகம் அடிக்கிறவன் பிரேக்கை நம்பாதவன். பின் சீட்டில் உட்கார்ந்து தன் காலால் பிரேக் போடும் முதலாளி, டிரைவருக்கு முன்பே களைத்துப் போவான். நல்ல டிரைவர் யார் என்று கேட்டால், வண்டியில் வருகிறவர்களுக்கு எதிரே வந்த லாரி ஞாபகம் இல்லாமல் செய்கிறவர்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை நான் கேலி செய்வதில்லை. அந்த ஒரு தடவையாவது எல்லோரும் முதல் கியரில் மெதுவாக வண்டியை எடுக்கிறார்கள்.

கையால் சிக்னல் காட்டும் வழக்கம் போனதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. அந்தக் காலத்தில் கையை வெளியே நீட்டித் திரும்புவதைச் சொல்ல வேண்டும். கை ஆடுகிற விதத்தை வைத்தே ஆள் பயந்தவனா, திமிர் பிடித்தவனா, வெற்றிலை துப்பப் போகிறவனா என்று சொல்லிவிடுவேன்.

போதும். எனக்கு மேலே இருந்த ஆய்வாளர் தாமோதரன் சாருக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். பயிற்சி என்று சில மாதங்கள் இன்ஜினைப் பிரித்துப் பிரித்து மாட்டினோம். பிறகு மதுரையில் தாமோதரன் சாருக்குக் கீழே போட்டார்கள். அப்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. குறிப்பிட்ட நாட்களில் நாங்கள் இருவரும் ரயிலேறித் திண்டுக்கல் வந்து முகாம் போட்டு டெஸ்ட் எடுப்போம். ரயில் கொடைரோட்டைத் தாண்டியதும் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார். அவருக்குப் புகை பிடிக்கும் பழக்கம் இல்லை. தீப்பெட்டி டெஸ்டுக்கு.

அதைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குத் தெற்கே ஒரு குளம். அதன் கரைக்கு ஏறுகிற மண் பாதை செங்குத்தாக இருக்கும். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்வார். நான் இறங்கி, பின் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுத் தீப்பெட்டியை வைக்க வேண்டும். "எடு" என்பார் சார். வண்டி பின்னால் ஒரு துளி நழுவாமல் முன்னால் ஏற வேண்டும். நழுவினால் தீப்பெட்டி நசுங்கும். நசுங்கிய பெட்டியை சார் எடுத்து, தூசி தட்டி, அந்த ஆளின் கையிலேயே கொடுப்பார். "வச்சுக்கப்பா" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. திண்டுக்கல் டீக்கடைகளில் யாராவது தட்டையான தீப்பெட்டியிலிருந்து பீடி பற்றவைத்தால், ஆள் லைசென்ஸுக்குப் போய் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, சார் கண்ணை மூடிக்கொண்டுதான் டெஸ்ட் எடுப்பார். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்து, கண்ணை மூடிவிடுவார். கியர் மாற்றும் சத்தமும் இன்ஜின் முனகலும்தான் அவருக்கு வேண்டும். அவர் தூங்குகிறார் என்று நினைத்து ஒரு புகையிலை வியாபாரி பாதி வழியில் வண்டியை நிறுத்தி, யாரிடமோ நின்று பேசிவிட்டு வந்து மறுபடி எடுத்தார். கரை வந்ததும் சார் கண்ணைத் திறக்காமலே, "மூணாவது கியர்ல நாலு தடவை கிளட்ச்ல காலை வச்சீங்க. அவரு பொண்ணு கல்யாணத்துக்கு வரேன்னு சொன்னீங்க. எறங்குங்க" என்றார். "எறங்கு" என்பது அவர் அகராதியில் தோல்வி.

இப்படிப்பட்டவரிடம்தான் சவரிமுத்து வந்து மாட்டினார்.

சவரிமுத்து திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டி முதலாளியின் கார் டிரைவர். முதலாளி பெயர் சீனியப்பன். சின்ன வெங்காயத்தை விவசாயிகளிடமிருந்து வாங்கி வெளியூருக்கு அனுப்பும் மண்டி. சீனியப்பனுக்கு ஒரு கொள்கை இருந்தது. கார் பின்னால் போனால் வியாபாரமும் பின்னால் போகும். ஆகவே அவர் கார் எந்தக் காரணம் கொண்டும் ரிவர்ஸ் போகக் கூடாது. கார் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு வைத்துக் கட்டியிருந்தார். கார் ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியே போகும். பழனிக்குப் போகையில் ஒரு தடவை பாதை தவறி, திரும்புவதற்கு அகலமான இடம் கிடைக்காமல் கீரனூர் வரை போய்த் திரும்பி வந்தார்கள். சாயரட்சை பூஜைக்குப் போனவர்கள் அர்த்தஜாம பூஜை பார்த்தார்கள்.

நானே என் கண்ணால் ஒன்று பார்த்தேன். மண்டித் தெருவில் சீனியப்பனின் காரும் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. கார் இருபது அடி பின்னால் போனால் வேலை முடிந்தது. சீனியப்பன் காரிலிருந்து இறங்கினார். வண்டிக்காரரைக் கும்பிட்டு, மாட்டை அவிழ்க்கச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு ஆளோடு சேர்ந்து தானே அந்த வைக்கோல் வண்டியைப் பின்னால் தள்ளினார். தலையெல்லாம் வைக்கோல். சவரிமுத்து அசையாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது.

இந்த சவரிமுத்துதான் கன ரக லைசென்ஸுக்கு வந்து நின்றார். ஒரு பஸ் முதலாளி வத்தலக்குண்டு தடத்தில் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். சவரிமுத்துவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், மூன்று பிள்ளைகள். மண்டியில் கார் ஓடாத நேரத்தில் மூட்டை தூக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போயிருந்தது. காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்த இடத்தில் பார்க்கும் வேலை அவருக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம்.

முதல் தடவை வந்தபோது, பஸ் முதலாளி அனுப்பிய பழைய பஸ்ஸில் ஏறினோம். மார்க்கெட் பக்கம், ரயில்வே கேட், குளத்துக்கரை. சார் கண்ணை மூடியிருந்தார். வழக்கமாக அவர் புருவம் சுருங்கிச் சுருங்கி விரியும். அன்று அது அசையவே இல்லை. ஏற்றத்தில் நான் தீப்பெட்டியைப் படுக்க வைக்காமல் குறும்பாகச் செங்குத்தாக நிறுத்தினேன். பஸ் மேலே ஏறிப் போயிற்று, தீப்பெட்டி நின்றபடி நின்றது. என் சர்வீஸில் அப்படி ஓட்டியவரை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை.

கடைசியாக ரிவர்ஸ். மைதானத்தில் நாலு கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். கம்புகளுக்கு நடுவே பின்னால் போக வேண்டும்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் அசையவில்லை. சார் கண்ணைத் திறக்காமல், "என்னப்பா?" என்றார்.

"கை போக மாட்டேங்குது சார்."

"கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். போக மாட்டேங்குது."

கியர் தண்டின் மேல் வைத்த கையை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை கன்னத்தில் வழிந்தது. கார் லைசென்ஸ் வாங்கும்போது எப்படி ரிவர்ஸ் எடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். "அப்ப எடுத்தேன் சார். அது ஒம்பது வருசத்துக்கு முந்தி" என்றார். சார் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "எறங்குப்பா" என்றார். அவர் அதைச் சொல்லத் தயங்கியது அன்றுதான்.

அடுத்த முகாமுக்கு முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். விதிப்படி சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையாக வந்தது போல் திண்டுக்கல் வந்து, சவரிமுத்துவை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். ஓடாமல் நிற்கும் லாரியில் ஏறி ரிவர்ஸ் கியர் போடச் சொன்னேன். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி விழுந்தது. மறுபடி, மறுபடி, இருபது தடவை. இன்ஜின் ஓடுகிற லாரிக்கு மாற்றினேன். கை நின்றுவிட்டது.

"உங்க முதலாளி இங்க இல்லையே" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், யார்ட்டயும் சொல்லிறாதீங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஒரு தடவ, ஷெட்டுக்கு முன்னாடி கல்லுக் கெடந்துச்சு. எறங்கி எடுக்கச் சோம்பேறித்தனப்பட்டு ரெண்டு மொழம் பின்னாடி எடுத்துட்டேன். ரெண்டே மொழம். அந்த வாரமே மண்டியில அம்புட்டு வெங்காயமும் அழுகிப் போச்சு. மொதலாளி மொகத்த அன்னைக்குப் பாத்தேன் சார். இன்னைக்கு வரைக்கும் அவர்ட்ட சொல்லல."

நான் பட்டணத்துப் படிப்பு படித்தவன். டயருக்கும் வெங்காயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா அழுகிருச்சுல்ல" என்றார்.

இரண்டாவது டெஸ்டில் எப்படியோ கியரைப் போட்டுவிட்டார். பஸ் அரை அடி பின்னால் போனது. உடனே பிரேக் போட்டு, கீழே குதித்து, மண்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அன்று அதெல்லாம் மறந்துபோயிற்று. சாருக்கு "எறங்கு" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவர்தான் ஏற்கெனவே இறங்கிவிட்டாரே. பஸ் முதலாளிக்கு ஆள் அவசரம். அடுத்த முகாமில் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது தடவை, கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது மைதானத்துக்குள் சீனியப்பனின் கார் வந்தது. வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். மண்டிக்காரர் இறங்கினார். டிரைவரைத் தடுக்க வந்திருக்கிறார், தகராறு நடக்கப் போகிறது என்று நினைத்தேன். சவரிமுத்து முகம் வெளுத்துவிட்டது.

சீனியப்பன் நேரே தாமோதரன் சாரிடம் வந்தார். "சார், வணக்கம். நானும் பஸ்ல ஏறிக்கிறலாமா?"

"எதுக்கு?"

"நம்ம பய பயப்புடுறான். கூட ஒரு ஆளு இருந்தா தெம்பா இருக்கும்னு வந்தேன்."

விதியில் அப்படி ஒன்று இல்லை. சார் கண்ணை மூடி யோசித்தார். "பஸ்னா பயணி இருக்கணும். ஏறுங்க" என்றார்.

ஊரைச் சுற்றி வந்தோம், ஏற்றம் ஏறினோம். எல்லாம் வழக்கம்போல் அழகாக நடந்தது. மைதானத்துக்கு வந்து கம்புகளுக்கு முன்னால் பஸ் நின்றது. இன்ஜின் உறுமியது. சவரிமுத்துவின் கை தண்டில் ஏறி, அங்கேயே நின்றது.

சீனியப்பன் எழுந்தார். பஸ்ஸின் கடைசி நீள சீட்டுக்குப் போனார். அதன் மேல் இரண்டு முழங்காலையும் ஊன்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி, பின் கண்ணாடியைப் பார்த்து மண்டி போட்டு உட்கார்ந்தார். சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏலே சவரி, நான் இந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கேன். எனக்கு இதுதான் முன்னாடி. எடுலே."

"வேணாம் மொதலாளி. முந்தி ஒரு தடவ நான்..."

"தெரியும்லே. ஷெட்டு வாசல்ல ரெண்டு மொழம் எடுத்த. டயர்த் தடம் கெடந்துச்சு. அன்னைக்கே பாத்தேன். வெங்காயம் அதுக்கு முந்தியே மழையில நனைஞ்சு போச்சு. நனைஞ்சதக் காய வைக்காம அடுக்குனது நானு. உனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல. எடு."

வெங்காயம் நனைந்தது உண்மையா, அந்த நேரத்துக்குச் சொன்ன பொய்யா என்று எனக்குத் தெரியாது. சவரிமுத்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கண்ணாடியில் அவருக்கு முதலாளியின் முதுகுதான் தெரிந்திருக்கும். கை கீழே இறங்கியது. கியர் விழுந்தது. பஸ் பின்னால் போயிற்று. நூல் பிடித்தது போல் என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் அதற்குள் கீழே இறங்கிப் பக்கத்தில் நடந்து வந்தேன். இரண்டு பக்கமும் கம்புக்கும் பஸ்ஸுக்கும் இருந்த இடைவெளி ஒரே அளவு. ஒரு துணி கூட ஆடவில்லை. முழுத் தூரமும் போய் நின்றது.

பின் கண்ணாடி வழியாக நான் சீனியப்பனைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு முருகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. முன்னால் போகிறேன் என்று சொன்ன ஆளின் முகம் அது இல்லை.

தாமோதரன் சார் உள்ளே கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார். "எறங்கு" என்றார். சவரிமுத்துவின் தோள் தொய்ந்து போயிற்று. "எறங்கி வந்து கையெழுத்துப் போடுப்பா. பாஸ்" என்றார் சார். அப்படி ஒரு தடவை வேண்டுமென்றே விளையாடியதற்காக அவரை நான் மன்னிக்க நாலு நாள் ஆயிற்று.

சில மாதம் கழித்து ஒரு காலையில் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் காக்கிச் சட்டையோடு சவரிமுத்து. பயணிகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கையில் மஞ்சள் பையோடு சீனியப்பன் மட்டும் வெளியே நின்றார். பஸ் பின்னால் நகர்ந்து, வளைந்து, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் அதை நோக்கி நடந்தார். கண்டக்டர் பழகியவர் போல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் குறுக்கே போய் வணக்கம் சொன்னேன். "ஐயா, இன்னும் ரிவர்ஸ் போற வண்டியில உட்கார மாட்டீங்களா?"

"அதெப்பிடித் தம்பி உக்கார முடியும்? யாவாரம் என்னத்துக்காகும்?"

"அப்ப அன்னைக்கு டெஸ்டுல மட்டும் உட்கார்ந்தீங்களே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இது கூடத் தெரியாதா என்பது போல. "அந்த வாரம் பூராம் மண்டியப் பூட்டிப் போட்டுட்டேன்ல தம்பி. வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. யாவாரமே இல்லன்னா எது பின்னாடி போகும்?"

சவரிமுத்து ஹாரன் அடித்தார். சீனியப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டு அவருக்காகக் காலியாக இருந்தது.